அறுபத்தோராம் பக்கத்துக் கை

“மவுஸை நகத்தாதீங்க மாமா. அப்படியே வைங்க.”

“நான் நகத்தலைம்மா. என் கை நடுங்குது, அது நகருது.”

“இப்ப பாருங்க. அம்புக்குறி போய் கை வந்துடுச்சா?”

“வந்துடுச்சு. விரலை நீட்டிக்கிட்டு நிக்குது.”

“அதுக்குக் கீழ என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்ல. வெள்ளை.”

அது அறுபத்தோராம் பக்கம். மேல்பாதியில் பன்னிரண்டு பித்தளைக் கீல்கள். ஒவ்வொன்றுக்கும் அடியில் அதன் எண், நீளம், தாங்கும் எடை. கீழ்ப்பாதியில் எதுவும் இல்லை. அந்த வெறுமையின் நடுவில்தான் திரையின் கறுப்பு அம்பு, யாரோ கூப்பிட்டதுபோல, ஒரு சின்ன வெள்ளைக் கையாக மாறியது. ஒரு விரற்கடை தள்ளினால் மறுபடி அம்பு. திரும்பிக் கொண்டுவந்தால் மறுபடி கை.

“தொடவா?” என்றார் மாமனார்.

“தொடுங்க.”

தொட்டார். வெள்ளையில் ஒரு வரி மெல்ல மேலெழுந்து நின்றது.

பின்கதவு மழைக்கு ஊதும். தூக்கி இழு.

மாமனார் அதை வாய்விட்டுப் படித்தார். முப்பத்தெட்டு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். வாய்விட்டுப் படிக்காத எதன்மேலும் அவருக்கு நம்பிக்கை வராது. அங்கே அவருக்குக் ‘கமா’ என்றே பெயர். படித்து முடித்ததும், “பிழை ஒண்ணுமில்ல,” என்றார். பிறகுதான் உறைத்தது. “ஏம்மா, இது என் பையன் பேசுற மாதிரில்ல இருக்கு?”

மருமகள் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வெளியே காலையில் பிடித்த மழை இன்னும் விடவில்லை. சமையலறைக்குப் பின்னால் கதவு ஊதிப்போய், சரியாகச் சாத்தாமல், காற்றுக்கு லேசாக முட்டிக்கொண்டிருந்தது.

முதலில் இதைச் சொன்னவர் பூட்டு சார்தான். கதவுச் சாமான் செய்யும் கம்பெனியின் மேனேஜர் அவர். பூட்டு, கீல், தாழ்ப்பாள், கைப்பிடி எல்லாம் சேர்ந்த தொண்ணூற்றாறு பக்கக் கேட்லாக்கை வருடாவருடம் இந்த வீட்டில்தான் வடிவமைத்துத் தருவார்கள். இதுவரை அது காகிதத்தில் மட்டும் வந்தது. இந்த வருடம் இணையத்துக்கும் வேண்டும் என்றார். மூடிய பூட்டின் படத்தைத் தொட்டால் உள்ளே இருக்கும் பாகங்கள் தெரிய வேண்டும், எண்ணைத் தொட்டால் அந்தப் பக்கத்துக்குப் போக வேண்டும். மூன்று வாரம் உட்கார்ந்து மருமகள் ஒவ்வொரு பூட்டுக்கும் பட்டன் வைத்து, நேற்றுதான் எக்ஸ்போர்ட் செய்து இணையத்தில் ஏற்றி, அதன் சுட்டியை அனுப்பினாள். இன்று மதியம் போன் வந்தது.

“மேடம், கோவிச்சுக்காதீங்க. எங்க கேட்லாக்ல யார் வீட்டுப் பின்கதவைப் பத்தியோ எழுதியிருக்கு.”

“என்ன சார் சொல்றீங்க?”

“அறுபத்தொண்ணு. கீழ. எங்க ஆபீஸ் பொண்ணு சும்மா தொட்டுப் பாத்திருக்கு. கதவு ஊதும்னு நாங்களே போட்டா எவன் மேடம் எங்கிட்ட கீல் வாங்குவான்? சிரிக்கறேன்னு நினைக்காதீங்க, எம்.டி. பாத்தா நான் அழணும். சாயங்காலம் ஆறுக்குள்ள சுத்தமா ஒண்ணு அனுப்பிடுங்க. நாளைக்கு டீலருங்களுக்குப் போகுது.” பிறகு குரலை இறக்கி, “நாளைக்குத்தானே கிளம்பறீங்க? சாரைப் பத்தி… ஏதாவது தகவல்?” என்றார்.

“இல்ல சார்.”

“சரி மேடம். ஆறு மணி.”

பூட்டு சாருக்கு அப்படிக் கேட்க உரிமை இருந்தது. அவள் கணவனைக் கடைசியாகப் பார்த்தவர் அவர். பதினாலு மாதத்துக்கு முன்னால், இதே போல ஒரு மழை நாளில், போன வருடத்துக் கேட்லாக்கின் மாதிரிப் பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக்கொண்டு அவன் கம்பெனிக்குப் போனான். கொடுத்தான், கையெழுத்து வாங்கினான், ஒரு டீ குடித்தான், வாசல் கேட்டைத் தாண்டினான். அவ்வளவுதான். குடை மட்டும் வரவேற்பறையில் இருந்தது. அதை மறுநாள் பூட்டு சாரே கொண்டுவந்து கொடுத்தார். போலீசில் ஒரு ஃபைல் இருக்கிறது. அதில் குடையின் நிறத்தைக்கூட எழுதியிருக்கிறார்கள்.

வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். இரண்டு மேசை, இரண்டு திரை. அவன் திரையின்மேல் பதினாலு மாதமாக ஒரு துண்டு போர்த்தியிருந்தது. அவன் நாற்காலியில் இப்போது அட்டைப்பெட்டிகள் ஏறியிருந்தன. வீட்டைக் காலி செய்கிறார்கள். நாளைக் காலை ஏழு மணிக்கு மருமகளின் அண்ணன் வேன் கொண்டுவருகிறான். அவளை அவன் ஊருக்குக் கூட்டிப் போவான், வழியில் மாமனாரை அவர் மகள் வீட்டில் இறக்கிவிடுவான். இன்று காலையில் புத்தகமும் அச்சுப்படியும் அடுக்கிய ஒரு பெட்டியைத் தூக்கியபோது அடி பிய்ந்து, பழைய அச்சுப்படிகள் கூடமெல்லாம் சிதறின. அவற்றை இன்னும் யாரும் முழுதாகப் பொறுக்கவில்லை.

“நீங்க எழுதினீங்களா மாமா?” என்றாள் மருமகள்.

“நானா? எனக்கு இந்தப் பொட்டியில நிறுத்தவும் தெரியாது, ஆரம்பிக்கவும் தெரியாது. நீ போட்டதாம்மா?”

“நான் ஏன் மாமா போடறேன்?”

“மறந்து போயிருப்பே. வேலை அலுப்புல.”

இருவரும் ஒருவரை ஒருவர் ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரைக்குத் திரும்பினார்கள்.

அந்த வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. யாரும் புதிய ஃபைல் திறந்ததில்லை. இந்த வருடக் கேட்லாக் என்பது போன வருடத்து ஃபைலை வேறு பெயரில் சேமித்ததுதான். போன வருடத்தது அதற்கு முந்தினதின் பிரதி. அப்படியே பின்னோக்கிப் போனால் ஆறு வருடத்துக்கு முன்னால், இந்த வீட்டுக்குக் குடிவந்த மாதத்தில், கண்காட்சித் திரை ஒன்றுக்காக அவன் கட்டிய முதல் ஃபைலில் போய் நிற்கும். அதில் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் அடுக்கை, லேயரை, அவன் பூட்டி வைத்திருந்தான். பக்க எண், ஓரக்கோடு எல்லாம் அதில்தான் உட்கார்ந்திருந்தன. “அதைத் தொடாதே, தொட்டா தொண்ணூத்தாறு பக்கமும் ஆடும்,” என்பான். அவள் தொட்டதில்லை.

மவுஸை வாங்கி அவள் அந்த லேயரின் பூட்டைத் திறந்தாள். வெள்ளைப் பகுதியில் ஒரு பெட்டி. நிறமில்லை, கோடில்லை. அதற்கு இரண்டு நிலை வைத்திருந்தான். முதல் நிலையில் வெறுமை. இரண்டாவதில் அந்த வரி. காகிதத்தில் முதல் நிலைதான் அச்சாகும். இணையத்தில் மட்டும், யாராவது தொட்டால், இரண்டாவது எழுந்து வரும். இந்த மூன்று வாரமாக மூடிய பூட்டுகளைத் திறந்து காட்ட அவள் செய்துகொண்டிருந்த அதே வித்தை.

“இன்னும் இருக்குமோ?” என்றார் மாமனார்.

“இருக்கலாம். லிஸ்ட்டைப் பார்த்தா ஆயிரத்துச் சொச்சம் பெட்டி. எல்லாத்துக்கும் பேரு செவ்வகம்தான்.”

“அப்ப?”

“ஒவ்வொரு பக்கமாத் தடவிப் பாக்கணும் மாமா. எங்க கை வருதோ அங்க இருக்கு.”

மாமனார் எழுந்து போய்ச் சிதறிக் கிடந்த அச்சுப்படிகளில் ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பி, பென்சிலைச் சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நெடுநாளைக்குப் பிறகு அவருக்கு வேலை வந்திருந்தது.

மேல் இடது மூலையில் தொடங்கி வலதுக்குப் போய், ஒரு விரற்கடை இறங்கி, மறுபடி இடதுக்கு. ஈரத்துணியால் தரை துடைப்பதைப் போல மருமகள் அம்பைத் தள்ளிக்கொண்டு போனாள். பூட்டுகளின் மேல் போகும்போதெல்லாம் கை வந்தது. அவை அவள் வைத்த கைகள். அவற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவளுக்கு வேண்டியது வெள்ளையில் வரும் கை.

ஒன்பதாம் பக்கத்தில் வந்தது.

“நிறுத்து. தொடு,” என்றார் மாமனார்.

அடுப்பை அணைத்த பிறகு குமிழை இன்னொருமுறை பார். நடுவில் நிற்கும்.

“அது உண்மைதானே,” என்றபடி அவர் பென்சிலால் குறித்தார். பக்கம், இடம், வரி. “நான்கூட ரெண்டு தடவை சொல்லியிருக்கேன் உங்கிட்ட.”

“நீங்க நாலு தடவை திறந்து போட்டுட்டுப் போயிருக்கீங்க மாமா.”

“அதையெல்லாம் கேட்லாக்ல போட வேணாம்.”

அவள் சிரித்துவிட்டாள். அந்த மதியத்தில் ஒரே ஒருமுறை வந்த சிரிப்பு. மூன்று மணிக்கு அவள் எழுந்து உருளைக்கிழங்கை அவித்து உப்பும் மிளகும் தூவி இரண்டு தட்டில் கொண்டுவந்தாள். டீயும் போட்டாள். பாத்திரமெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டதால் இரண்டு கப்தான் வெளியே இருந்தன. மாமனார் மஞ்சள் கப்பில் வாயை வைத்தபோது அவள் முப்பத்திநாலாம் பக்கத்தில் இருந்தாள்.

மஞ்சள் கப்பில் விரிசல். சூடாக எதையும் ஊற்றாதே.

மாமனார் கப்பைக் கீழே வைத்தார். அதைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கைப்பிடிக்கு அருகே, தலைமுடி மாதிரி, ஒரு கோடு ஓடியது.

“இது எப்ப வாங்கினதும்மா?”

“தெரியல மாமா. இந்த வீட்டுக்கு வந்தப்ப இருந்திருக்கும்.”

“இருந்திருக்கும்னா இருந்துச்சா?”

“எனக்கு ஞாபகமில்ல.”

அவர் மிச்ச டீயைக் குடிக்கவில்லை. அது ஆறி, மேலே ஆடை படர்ந்தது.

மழை பெரிதானது. மணி நாலுக்கே அறைக்குள் இருட்டு ஏறியதால் விளக்கைப் போட்டாள். ஐம்பத்தி இரண்டில் ஒன்று கிடைத்தது. மாடிப்படி மூன்றாவது கல் ஆடும் என்றது. எழுபத்தேழில் அம்பு மறுபடி கையானது. தொட்டதும் வந்த வரியை மாமனார் வழக்கம்போல உரக்கப் படிக்கத் தொடங்கி, பாதியில் குரலை விட்டார்.

அப்பாவுக்கு இடது கண்ணில் சொட்டு மருந்து. போட்டுக்கொண்டேன் என்பார். நம்பாதே.

மாமனாருக்கு இடது கண்ணில் அறுவை சிகிச்சை நடந்து நாலு மாதம்தான் ஆகிறது.

பின்கதவு மறுபடி முட்டியது.

“முன்னாடியும் சொட்டு விட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்,” என்றார் மாமனார். “அவன் இருக்கும்போதே. ஒரு கண்ணு சிவந்து, நீர் வந்துச்சே.”

“அது வலது கண்ணு மாமா.”

“வலதா?”

“வலதுதான்னு நினைக்கறேன்.”

“நினைக்கறியா, தெரியுமா?”

அவள் யோசித்தாள். மருந்துக் குப்பி ஞாபகம் வந்தது, அண்ணாந்து படுத்த முகம் ஞாபகம் வந்தது, குனிந்து விட்ட தன் கணவனின் முதுகு ஞாபகம் வந்தது. எந்தக் கண் என்பதை அந்த முதுகு மறைத்துக்கொண்டிருந்தது.

“இன்னைக்கு விட்டீங்களா?” என்றாள்.

“விட்டுக்கிட்டேன்.”

இருவருமே திரையைப் பார்த்தார்கள். மாமனார் எழுந்து போய் அலமாரியில் மருந்தைத் தேடினார்.

எண்பத்தெட்டாம் பக்கத்தில் கடைசியாக ஒன்று இருந்தது. குடை பூட்டு ஆபீசில் இருக்கும் என்றது. மாமனார் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. தாளில் எழுதினார். “அவன் எப்பவும் அங்க மறந்து வைக்கறவன்தான். ஒவ்வொரு மழைக்கும்,” என்றார் தாளிடமே.

“ஆமா மாமா.”

அண்ணன் போன் செய்தான். “அந்தப் பெரிய அலமாரியைக் கழட்டியாச்சா? வேன்காரன் லோடு எவ்வளவுன்னு கேக்கறான்.”

அவள் நடந்ததைச் சொன்னாள். அடுக்காக வராமல், பின்கதவு, கண், குடை என்று முன்னும் பின்னுமாக வந்தது.

“ஃபைல் எங்க இருக்கு? உன் மிஷின்லயா?”

“இல்லண்ணா. இணையத்துல. எங்கிருந்து வேணும்னாலும் திறக்கலாம்.”

“பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?”

“எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். அவர் பேர்லதான் இருக்கு. நான் செய்யறதும் அவர் பேர்லதான் பதிவாகும்.”

“யாரு எப்ப மாத்தினாங்கன்னு காட்டாதா?”

“காட்டும். நேத்து மாத்தினது அவர். அதுக்கு முந்தின நாள் மாத்தினதும் அவர்தான். மூணு வாரமா தினமும் பத்து மணிநேரம் அவர்தான் வேலை செஞ்சிருக்கார்னு இருக்கு. அது நான்.”

“அந்தப் பேரை மாத்தித் தொலைன்னு எத்தனை தடவை சொன்னேன்.”

அவள் போனை அடுத்த காதுக்கு மாற்றினாள்.

“இங்க பாரு,” என்றான் அண்ணன். குரலில் கோபத்தைவிடப் பயம் இருந்தது. “ஆறு வருஷத்துக்கு முன்னாடி விளையாட்டா எழுதி வச்சதா இருந்தா, விட்டுடு. இல்ல, அந்த ஆளு எங்கேயோ உக்காந்து உன் மாமனார் கண்ணு வரைக்கும் பாத்துக்கிட்டு, வாசலுக்கு வராம இருக்கான்னா, அதுக்காக நீ அங்க உக்காந்திருப்பியா? ரெண்டுல எதுவா இருந்தாலும் காலைல ஏழு மணிக்கு வேன்.”

“வந்து பார்த்தா வேற யாரோ குடியிருப்பாங்கண்ணா.”

“யாரு வந்து?”

“அவர்.”

“அலமாரியைக் கழட்டு,” என்று அண்ணன் வைத்துவிட்டான்.

மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. ஆறு வரிகள். மாமனார் தாளைப் பார்த்துப் பக்க எண்ணை வாசிக்க, அவள் ஒவ்வொன்றாகத் தேடி அழித்தாள். “ஒன்பது.” அழிந்தது. “முப்பத்திநாலு.” அழிந்தது. “ஐம்பத்தி ரெண்டு.” ஒவ்வொன்றுக்கும் அவர் பென்சிலால் ஒரு குறுக்குக்கோடு இழுத்தார். எழுபத்தேழில் மட்டும், “கொஞ்சம் இரு,” என்றார். ஏன் என்று சொல்லவில்லை. பிறகு தலையசைத்தார். கடைசியாக அறுபத்தொன்று.

எக்ஸ்போர்ட்டை அழுத்தினாள். திரையில் ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்தது. தொண்ணூற்றாறு பக்கமும் படமும் எழுத்துமாக மேலேறப் பத்து நிமிடம் பிடிக்கும். அதுவரை இருவரும் கூடத்தில் குனிந்து அச்சுப்படிகளைப் பொறுக்கினார்கள்.

முடிந்ததும் அவள் முதலில் அறுபத்தொன்றுக்குப் போனாள். பன்னிரண்டு கீல்கள். கீழே வெள்ளை. அம்பை மெல்லக் கீழே கொண்டுவந்தாள்.

கை வந்தது.

“அழிச்சியேம்மா,” என்றார் மாமனார்.

“அழிச்சேன்.”

“நான் கோடு போட்டிருக்கேன் பாரு.”

“ஒண்ணுக்குக் கீழ இன்னொண்ணு இருந்திருக்கும் மாமா. மேல இருந்ததை மட்டும் எடுத்திருப்பேன்.” தன் குரல் யாரோ பேசுவதுபோல அவளுக்கே கேட்டது. “அப்படி நடக்கும். ஃபைல்ல அப்படி நடக்கும்.”

இந்த முறை யார் தொட்டது என்பது இருவருக்கும் பிறகு ஞாபகமில்லை.

புத்தகப் பெட்டியைப் பாதிக்கு மேல் நிரப்பாதே. அடி பிய்யும்.

மாமனாரின் கையில் இன்னும் பொறுக்கிய தாள்கள் இருந்தன. அவற்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “இங்க குடிவந்த மாசம் செஞ்ச ஃபைலுதானே இது,” என்றார். “அப்பவும் பெட்டி கட்டினோம். அப்பவும் பிஞ்சிருக்கும்.”

“பிஞ்சுதா?”

“பிஞ்சிருக்கும்னுதான் சொல்றேன்.”

அவள் அதையும் அழித்தாள். அதன் கீழே, அதற்கும் கீழே எதுவும் இல்லையென்று மூன்றுமுறை பார்த்தாள். மறுபடி எக்ஸ்போர்ட். ஐந்து ஐம்பத்தெட்டுக்குச் சுட்டி போனது. ஆறு நாலுக்குப் பூட்டு சார் போன் செய்தார்.

“சுத்தமா இருக்கு மேடம். நன்றி. அந்தப் பொண்ணு மட்டும் சொல்லுது, கீல் பக்கம் இப்ப வெறிச்சுன்னு இருக்காம்.” சிரித்தார். பிறகு, “நல்லபடியாப் போயிட்டு வாங்க,” என்றார்.

மழை தூறலாகியிருந்தது. கழற்ற வேண்டிய அலமாரி அப்படியே நின்றது. மருமகள் ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் போய் நின்று, திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“என்னம்மா?”

“ஒரு பிரதி எடுக்கறேன் மாமா. யாருக்கும் அனுப்ப மாட்டேன். எங்க லிஸ்ட்ல மட்டும் இருக்கும். பாஸ்வேர்டு தெரிஞ்சவங்க மட்டும்தான் பாக்க முடியும்.”

“தெரிஞ்சவங்கன்னா நீ.”

“நான் திறக்க மாட்டேன். எத்தனை தடவை திறந்தாங்கன்னு அதுவே எண்ணும். நான் திறந்தா என்னையும் எண்ணிடும்.”

மாமனாருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

பிரதிக்கு ‘வீடு’ என்று பெயர் வைத்தாள். அறுபத்தோராம் பக்கத்துக்குப் போய், கீல்களுக்குக் கீழே, நிறமில்லாமல் கோடில்லாமல் ஒரு பெட்டி வரைந்தாள். முதல் நிலையை வெறுமையாக விட்டாள். இரண்டாவதில் எழுதினாள், அழித்தாள், எழுதினாள். மாமனார் வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, “இடதா வலதான்னும் கேக்கலாமா?” என்றார்.

“வேணாம் மாமா. ஒண்ணு மட்டும் கேப்போம்.”

“சரி. பிழை ஒண்ணுமில்ல.”

பச்சைக் கோடு ஊர்ந்து வலதுகோடியைத் தொட்டு நின்றது. லிஸ்ட்டின் உச்சியில் ‘வீடு’ வந்து உட்கார்ந்தது. எதிரில், திறந்தவர்கள் என்ற இடத்தில், பூஜ்யம். அவள் எழுந்துபோய் அவன் திரையின்மேல் கிடந்த துண்டை எடுத்து மடித்தாள். மாமனார் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தபடி இருந்தார். யாரும் தொடாத வெள்ளைக்கு அடியில் அவள் எழுதியது இருந்தது:

ஒரு தடவை திறந்தால் நீங்கள் இருப்பதைத் தெரிந்துகொள்வேன். நாங்கள் இங்கேயே இருக்க வேண்டும் என்றால், மூடிவிட்டு, காலை ஏழு மணிக்குள் தயவுசெய்து இன்னொரு தடவை திறங்கள்.